பெட்ரோலா, டீசலா? டிக்கி வைத்த கார்களின் என்ஜின் சரித்திரம்

டெல்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதல் வருடம் வாடகை வீடு, பள்ளிக்கூட அட்மிஷன், இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று அலைவார்கள். இரண்டாவது வருடம் கார் பேச்சு ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டும். நாலு பெட்டி, ஒரு மூட்டை, போதாக்குறைக்கு கையில் முருங்கைக்காய் கட்டு. ஆகவே டிக்கி வைத்த கார்தான் என்று முடிவாகும். அதற்கடுத்த கேள்விதான் வம்பு. எந்த என்ஜினை நம்பி வாங்குவது?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் கடந்த எழுபது வருடங்களில் இந்த நாட்டில் அந்த ஒரு வரி பதில் நாலைந்து தடவை தலைகீழாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஏதோ ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு அடிபட்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம், வாருங்கள்.

முதலில் அம்பாசடர். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-இல் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சில் இதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் இருந்தது பழைய சைடு வால்வு என்ஜின். இரண்டு வருடத்தில் அதை எடுத்துவிட்டு பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சிசி 'பி சீரிஸ்' என்ஜினை வைத்தார்கள். இங்கிலாந்தில் இதே என்ஜின் எம்ஜிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியது என்றால் நம்புவது கஷ்டம். அம்பாசடர் மேட்டில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் கஷ்டம் :-)

அந்த என்ஜினில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. இரும்பு பிளாக், நாலு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். பிஸ்டன் தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்து போர் செய்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டு, இன்னும் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். ஆயிலும் தண்ணியும் அது பாட்டுக்குக் குடிக்கும். அடிக்கடி நிற்கும். ஆனால் நின்ற இடத்திலேயே சரியாகும். தஞ்சாவூர் ரோட்டில் நின்றாலும் சரி, பாட்னா ரோட்டில் நின்றாலும் சரி, ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு மெக்கானிக்கும் போதும். அந்தக் காலத்தில் 'நம்பகமான என்ஜின்' என்றால் கெட்டுப்போகாத என்ஜின் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ளவில்லை. கெட்டால் கண்ட இடத்தில் சரி செய்யக்கூடிய என்ஜின் என்றுதான் அர்த்தம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100 காரைத் தயாரித்தார்கள். 1974 முதல் அதுதான் பிரீமியர் பத்மினி. 1089 சிசி பெட்ரோல். அம்பாசடரைவிட மைலேஜ் கொஞ்சம் கூட, ஆள் உட்காரும் இடம் கொஞ்சம் குறைச்சல். பம்பாய் டாக்ஸிக்காரர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆனபிறகும், 2023 அக்டோபரில்தான் கடைசி பத்மினி டாக்ஸி மும்பை ரோட்டிலிருந்து இறங்கியது. அதுவும் என்ஜின் முடியாமல் போனதால் இல்லை, இருபது வருட வயது வரம்பு முடிந்ததால்.

மூன்றாவது கம்பெனி நம்ம மெட்ராஸ். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். இவர்களுடைய ஹெரால்டு 948 சிசி குட்டி என்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து கொடுக்கும், மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்தக் கம்பெனியின் முடிவைத்தான் நான் கார் வாங்கும் நண்பர்களிடம் அடிக்கடி சொல்வேன். 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு சொகுசு கார் கொண்டுவந்தார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. பார்த்தால் அள்ளிக்கொள்ளும் அழகு. அங்கே அந்த உடம்புக்குள் மூன்றரை லிட்டர் வி8 வரைக்கும் வைத்து விற்றார்கள். இங்கே வைத்தது 1940-களில் பிறந்த ஸ்டாண்டர்ட் வேன்கார்டு குடும்பத்து 1991 சிசி என்ஜின். அதே குடும்பத்து என்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது.

டிராக்டர் என்ஜின் என்றால் நம்பிக்கைக்குரியது என்றுதானே தோன்றும்? அது சரிதான். ஆனால் பெரிய உடம்பை இழுக்கத் திணறிற்று, பெட்ரோலைக் குடித்தது. அதற்குள் மாருதி வந்து வாடிக்கையாளர்களின் கண்ணைத் திறந்துவிட்டது. மூன்றே வருடத்தில், 1988-இல், கதை முடிந்தது. என்ஜின் நல்லதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த உடம்புக்கு அந்த என்ஜின் பொருத்தமா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் சில கார்களில் மிகச் சிறிய என்ஜினை 'ஆரம்ப விலை' விளம்பரத்துக்காகவே வைத்து விற்கிறார்கள்.

இதே தப்பை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் செய்தது. 1984-இல் வந்த கான்டெஸாவின் நீண்ட உடம்பில் அம்பாசடரின் அதே 1489 சிசி! ஆனால் அவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். பிற்பாடு ஜப்பானின் இசுஸு கம்பெனியின் 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினை வைத்த பிறகுதான் கான்டெஸா கார் மாதிரி ஓடியது. அதே என்ஜினைத் தொண்ணூறுகளில் அம்பாசடருக்கும் கொடுத்தார்கள்.

இப்போது டீசல். குடும்பக் காரில் டீசல் என்கிற யோசனையை இந்தியாவில் ஆரம்பித்து வைத்ததும் அம்பாசடர்தான். எழுபதுகளில் இரண்டு தடவை உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பம்ப்செட்டுக்கும் வேண்டும் என்பதால் அரசாங்கம் டீசல் விலையை அடக்கியே வைத்திருந்தது. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறக்கும் நேரத்தில் அம்பாசடர் டீசல் வந்தது. கிட்டத்தட்ட 37 குதிரை சக்தி. சத்தம் ரைஸ் மில் மாதிரி. ஆனால் டாக்ஸிக்காரர்களும் டிராவல்ஸ்காரர்களும் அள்ளிக்கொண்டு போனார்கள். லாரிக்காகக் கொடுத்த மானியத்தில் கார் ஓட ஆரம்பித்தது இங்கேதான். அடுத்த முப்பது வருடம் நம் நாட்டில் என்ஜினைத் தேர்ந்தெடுத்தது வாங்குகிறவரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை, அந்த விலை வித்தியாசம்தான்.

தொண்ணூறுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1990-இல் மாருதி 1000 வந்தது. 970 சிசி, டிக்கி வைத்த ஜப்பான் கார். பிக்கப் இல்லை என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். 1994-இல் அதே உடம்பில் 1.3 லிட்டர் என்ஜின் வைத்து எஸ்டீம் ஆக்கினதும் முணுமுணுப்பு நின்றது. 1998-இல் நொய்டா பக்கத்து ஃபேக்டரியிலிருந்து ஹோண்டா சிட்டி. 1999-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட், மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். மிட்சுபிஷி லேன்சர்கூட திருவள்ளூர் பக்கம்தான் தயாரானது. டெல்லி ரோட்டில் ஓடிய கார்களில் எத்தனை மெட்ராஸ் பிறப்பு என்று எண்ணிப் பார்த்தால் நம்மைவிடப் பெரிய புலம்பெயர்ந்த கூட்டம் அது!

அந்த நேரத்தில்தான் டெல்லியில் வேறொன்று நடந்தது. காற்று கெட்டு, வழக்கு நடந்து, 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு உத்தரவு போட்டது. புதிய கார்கள் அந்த ஜூன் முதல் யூரோ 1 தரத்திலும், 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்திலும் இருக்க வேண்டும் என்று. கார் கம்பெனிகள் அலறி அடித்துக்கொண்டு கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு எம்பிஎஃப்ஐ என்கிற மின்னணு எரிபொருள் அமைப்பைப் பொருத்தினார்கள். "கம்ப்யூட்டர் வைத்த கார், ரோட்டில் நின்றால் யார் பார்ப்பார்கள்?" என்று அப்போது பயந்தவர்கள் நிறையப் பேர். நடந்தது நேர்மாறு. பனிக்காலத்தில் சோக் இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்து, அக்கம்பக்கத்தாரை எழுப்பி ஸ்டார்ட் செய்த காலம் போனது. ஜனவரிக் குளிரில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பியது. நம்பகம் என்பதற்கு அர்த்தம் மாறியது அப்போதுதான். 'சரி செய்யக்கூடியது' போய் 'கெட்டுப்போகாதது' வந்தது. விலையாக, ரோட்டோர மெக்கானிக்கைக் கைவிட்டோம். காஷ்மீரி கேட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் போய் சாமான் வாங்கி வந்து தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்த தலைமுறைக்கு இது பெரிய மாற்றம்.

டீசலிலும் அதே மாதிரி ஒரு தாவல். டாடாவின் இண்டிகா 1998 கடைசியிலும், அதற்கு டிக்கி வைத்த இண்டிகோ 2002-லும் வந்தன. 1405 சிசி, பழைய பாணி பம்ப் வைத்த டீசல். கால் டாக்ஸிக்கென்றே பிறந்த மாதிரி உழைத்தன. அதே 2002-இல் ஆக்சென்ட் 'காமன் ரெயில்' டீசலோடு வந்தது. மூன்றே சிலிண்டர், ஆனால் ஓட்டினால் பெட்ரோல் கார் ஓட்டுவது மாதிரி. காமன் ரெயில் என்றால், ஒரு கெட்டியான குழாயில் டீசலை ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் எப்போதும் தேக்கி வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் இன்ஜெக்டர் வழியாகத் தூவுவது. இன்ஜெக்டரின் துளைகள் மிக நுண்ணியவை. அதில் தண்ணீரோ தூசியோ போனால் செலவு ஆயிரங்களில்.

இங்கேதான் நம் ஊர் பெட்ரோல் பங்க் கதையும் சேர்கிறது. அப்போது மண்ணெண்ணெய் மலிவு, டீசல் அதைவிட விலை கூட, பெட்ரோல் இன்னும் கூட. கலப்படம் செய்ய இதைவிட என்ன தூண்டுதல் வேண்டும்? 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், கலப்படம் செய்த பங்க்கைப் பிடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐஐஎம் லக்னோவில் படித்தவர், வயது முப்பதுகூட ஆகவில்லை. டெல்லியிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். என்ஜினின் நம்பகத்தைப் பற்றிப் பேசும் நாம் அதற்குள் ஊற்றும் எண்ணெயின் நம்பகத்துக்கு ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்பதைப் பேசுவதே இல்லை.

சரி, சரித்திரத்தின் நடுநாயகத்துக்கு வருவோம். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 1248 சிசி, 75 குதிரை சக்தி. பெட்ரோல் என்ஜின் மாதிரி சின்னது, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், கூடுதல் மைலேஜ். ஃபியட்டிடம் உரிமம் வாங்கி மானேசரில் சுசுகி தயாரித்தது. 2007 ஜனவரியில் ஸ்விஃப்டில் வந்தது, 2008-இல் டிசையரில் வந்தது. அப்புறம் புனே பக்கம் ரஞ்சன்காவ்னில் ஃபியட்–டாடா கூட்டு ஃபேக்டரியிலும் தயாராகி லீனியா, டாடா மான்ஸா என்று போனது. மாருதி எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், செவர்லே செயில் என்று போகாத இடமே இல்லை. 'இந்தியாவின் தேசிய என்ஜின்' என்றே பட்டப்பெயர். இதில் ஒரு வேடிக்கை. என்ஜினைப் பெற்ற ஃபியட்டின் கார்கள் இங்கே விற்கவில்லை. தத்து எடுத்த மாருதியின் கார்களுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏன்? சர்வீஸ் ஸ்டேஷன். விஜயவாடாவில் நின்றாலும் நாக்பூரில் நின்றாலும் மாருதி ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கும். பழைய அம்பாசடர் பாடம் மாறவே இல்லை, பாருங்கள்.

2010 ஜூனில் அரசாங்கம் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது, டீசலில் கை வைக்கவில்லை. 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 20 என்று வைத்தால் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 4.87 ரூபாய், டீசலுக்கு 2.05. டீசல் காருக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுத்தாலும் 35 ஆயிரம் கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பிவிடும். தினமும் ஆபீஸுக்கு ஐம்பது கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு மூன்று வருடம்கூட ஆகாது. டீசல் வாங்காதவன் ஏமாளி என்று பேசிக்கொண்ட காலம்.

2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. அதுகூடப் பரவாயில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் டெல்லி தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்றது. பெட்ரோலுக்குப் பதினைந்து. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதினைந்து வருடத்துக்கு வரி கட்டி, பதினைந்து வருடத்துக்கு ஆர்சி வாங்கி, கடனை அடைத்து முடித்த மறுவருடமே வண்டிக்கு ஆயுள் குறைந்துவிட்டது. 2022 ஜனவரியில் டெல்லி அரசு பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளின் பதிவை மொத்தமாக ரத்து செய்யத் தொடங்கியது.

ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. 60 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத, கீறல் விழாத டீசல் காரை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். சிலர் என்ஓசி வாங்கி ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய், தமிழ்நாட்டில் மறுபடி வரி கட்டி, மச்சானுக்கோ மாமனாருக்கோ கொடுத்தார்கள். மதுரையில் இன்னும் அந்த வண்டி ஓடுகிறது. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. 2025 ஜூலையில் பழைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று ஆரம்பித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும்தான் என்று திருத்தியது. 2012-இல் டெல்லியில் வாங்கிய கார் பாரத் ஸ்டேஜ் 4 தான். விற்றவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், பாவம்.

டெல்லிக் காற்றைச் சுவாசிக்கும் யாரும் இந்தத் தடைகளின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டிலேயே நவம்பர் வந்தால் நெபுலைசர் வெளியே வரும். ஆனால் வண்டியின் புகையை அளக்காமல் பிறந்த தேதியை மட்டும் பார்த்தது சரியில்லை என்பது என் கட்சி.

முடிவு 2020-இல் வந்தது. ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6. ஐந்தாம் படியைத் தாண்டிக் குதித்தார்கள். டீசலில் கரிப்புகையைப் பிடிக்க டிபிஎஃப் என்கிற வடிகட்டி வேண்டும். விலை ஏறும். அந்தக் கரியை அது எரித்துத் தீர்க்க வண்டி அவ்வப்போது ஹைவேயில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறி, கோவில் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். மாருதி ஒரு வருடம் முன்பே டீசலுக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்துவிட்டது. தேசிய என்ஜின் அத்தோடு ஓய்வு பெற்றது. 2023-இல் ஹோண்டா சிட்டியிலும் ஹூண்டாய் வெர்னாவிலும் டீசல் நின்றது. நடுத்தரக் குடும்பத்தின் செடான் காரில் டீசல் என்கிற நாற்பது வருடக் கதை அங்கே முடிந்தது.

ஆக, இன்று அந்தக் கேள்வியோடு வருகிறவரிடம் நான் சொல்வது இது. டெல்லியிலோ நொய்டாவிலோ குர்கானிலோ இருந்தால், பழைய டீசல் செடான் எத்தனை மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். டர்போ இல்லாத, நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். சிட்டியின் 1.5-உம் அமேஸின் 1.2-உம் அந்த ஜாதி. 2024-இல் வந்த புது டிசையர் மூன்று சிலிண்டருக்கு மாறிவிட்டது. கொஞ்சம் அதிர்வு உண்டு, மைலேஜ் அதிகம். டர்போ பெட்ரோல் ஓட்ட ஜோர். ஆனால் வெயிலில் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர் ஆயில் மாற்றும் தேதியைப் பஞ்சாங்கம் மாதிரி பார்க்க வேண்டும். தினமும் நிறைய ஓட்டம் என்றால் ஃபேக்டரியிலேயே பொருத்திய சிஎன்ஜி. டெல்லியில் பங்க்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் டிக்கியில் பெரும்பகுதி சிலிண்டருக்குப் போய்விடும், முருங்கைக்காய் கட்டை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் :-)

பழைய பெட்ரோல் கார் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் சற்றுக் குறையும். அதற்கென்று தயாரிக்காத பழைய என்ஜின்களில் ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியாக இருந்தால் அதற்கேற்ற பொருட்கள் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, மாற்றல் வேலையில் இருப்பவர்களுக்கு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். 2021-இல் வந்த 'பிஎச்' வரிசை நம்பர் பிளேட் இந்தத் தலைவலியைத் தவிர்க்கிறது. மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் உண்டு. வரியை இரண்டு இரண்டு வருடமாகக் கட்டிக்கொள்ளலாம். ஆபீஸ் எச்ஆரிடம் சான்றிதழ் கேட்டு, புக்கிங் செய்வதற்கு முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் டீசலுக்கு 2 சதவீதம் வரி கூடுதல்.